வெள்ளியை நோக்கி எண்ணும் பள்ளி

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் நியூ ஜெர்சிக்குக் குடிவந்து ஆறு மாதமாகிறது. பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்தின் மூன்று பிள்ளைகளும் அருகிலிருக்கும் அரசுப் பள்ளிக்குப் போகாமல் ‘டே ஸ்கூல்’ என்று சொல்லப்படும் ஒரு யூதப் பள்ளிக்குப் பேருந்தில் போகிறார்கள். மற்ற நாள்களில் மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரண்டு மணிக்குள் வந்துவிடுகிறார்கள். அது நம் ஊர் வேதபாடசாலை மாதிரியா, கான்வென்ட் மாதிரியா, வாரம் முழுவதும் அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்குட்டிக்கு முதல் தொழுகைப் புத்தகம் கொடுக்கும் ‘சித்தூர் விழா’வுக்கு உங்களையும் அழைத்திருக்கிறார்கள், என்ன கொண்டுபோவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் யூதன் அல்லன். ஆனால் இதே மாநிலத்துப் பெர்கன் கவுண்டியில் இத்தகைய பள்ளி ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டோடும் அது ஒத்துவராது. வேதபாடசாலையில் படித்து வருகிறவர் பெரும்பாலும் வைதிகத் தொழிலுக்குப் போவார். இங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் கணக்காயராகவும் ஆகிறார்கள். நம் ஊர்க் கான்வென்ட்டில் நிர்வாகத்தின் சமயம் ஒன்று, படிக்க வருகிற பெரும்பாலான பிள்ளைகளின் சமயம் வேறு. இங்கே பள்ளி, வீடு, பெற்றோர் போகும் தொழுகைக்கூடம் மூன்றுக்கும் ஒரே நாள்காட்டி. கோயிலும் திண்ணையும் சாவடியும் ஒரே தெருவில் இருந்த பழைய ஊர் ஒன்றை எடுத்து ஒரு பள்ளிக் கட்டடத்துக்குள் வைத்தால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படித்தான் அது எனக்குத் தோன்றியது. அந்த ஊருக்குள் வாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

எபிரேய மொழியில் கிழமைகளுக்குப் பெயர் கிடையாது. ஞாயிறு ‘முதல் நாள்’, திங்கள் ‘இரண்டாம் நாள்’, இப்படியே வெள்ளி ‘ஆறாம் நாள்’ வரை எண்தான்; ஓய்வுநாளான ஏழாம் நாளுக்கு மட்டும்தான் ‘ஷப்பாத்’ என்ற பெயர். இதை வெறும் மொழி வினோதம் என்று நினைத்துவிடக் கூடாது. காலைத் தொழுகையில் ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்கென்று ஒதுக்கிய சங்கீதம் ஒன்றை, அதாவது பைபிளின் துதிப்பாடல் ஒன்றை, சொல்கிறார்கள். அதற்கு முன்பு, இன்று ஷப்பாத்துக்கு இன்னாவது நாள், இந்நாளில் எருசலேமின் பழைய ஆலயத்தில் லேவியர் என்ற ஆலயப் பணியாளர்கள் பாடியது இது என்று ஒரு வரி வரும். திங்களுக்கு 48ஆம் சங்கீதம், செவ்வாய்க்கு 82ஆம் சங்கீதம், வெள்ளிக்கு 93ஆம் சங்கீதம். ஆறு வயதுப் பிள்ளை நாளைச் சொல்லும்போதே ஷப்பாத்தை நோக்கித்தான் எண்ணுகிறது. பள்ளியின் கால அட்டவணை, தேர்வுத் தேதி, சமையல் பட்டியல், பேருந்து நேரம் எல்லாமே அந்த எண்ணலின் மேல்தான் நிற்கின்றன.

இது புரியாமல் முதல் மாதத்திலேயே நான் ஒரு தவறு செய்தேன். வெள்ளியன்று ஒரு பெரிய வீட்டுப்பாடத்தைக் கொடுத்து, சனியும் ஞாயிறும் முழுதாக இருக்கின்றனவே, திங்கள் காலை கொண்டுவந்தால் போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். வகுப்பில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஒரு பெண் மட்டும் கையை உயர்த்தி, எங்களுக்கு அது ஒன்றரை நாள்கூட இல்லையே என்றாள். வெள்ளி சூரிய அஸ்தமனத்துக்கு முன்பிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை அவர்கள் எழுதுவதில்லை, விளக்கைப் போடுவதோ அணைப்பதோ இல்லை, காரில் ஏறுவதில்லை, கணினியைத் திறப்பதில்லை. குளிர்காலத்தில் பள்ளியிலிருந்து வீடு போய்க் குளித்து உடை மாற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆக, என் பெருந்தன்மையில் அவர்களுக்குக் கிடைத்தது ஞாயிறு மட்டும்தான். அந்த ஞாயிற்றிலும் பெற்றோருக்குக் கடைகண்ணி, உறவினர் வீட்டு விசேஷம் எல்லாம் காத்திருக்கும். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளியன்று வீட்டுப்பாடம் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன்.

நாளின் அமைப்புக்கு வருகிறேன். நான் இருந்த பள்ளியில் காலை 7.45க்குத் தொழுகை, பிறகு சமயப் பாடங்களும் பொதுப் பாடங்களுமாக ஏறத்தாழ ஒன்பது பாடவேளைகள். தோரா என்னும் மோசேயின் ஐந்து நூல்கள், தீர்க்கதரிசிகளின் நூல்கள், மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பு, எபிரேய மொழி, யூத வரலாறு ஒரு பக்கம். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல் இன்னொரு பக்கம். சில பள்ளிகளில் காலை முழுதும் ஒன்று, மதியத்துக்குப் பின் மற்றொன்று என்று பிரிப்பார்கள். எங்களிடம் இரண்டும் கலந்தே வரும். பெண் ஆசிரியரை ‘மோரா’ என்றும், சமயப் பாடம் நடத்தும் ஆண் ஆசிரியரை ‘ரபி’ என்றும் அழைப்பார்கள். என்னைப் போன்ற பொதுப் பாட ஆசிரியர்களை ‘மிஸ்டர்’ போட்டு அழைப்பார்கள். நாள் நீளம் என்பதில் ஐயமில்லை. மாலை நான்கு மணிக்குப் பின்னக் கணக்கு நடத்துவது எவ்வளவு சிரமம் என்பது நடத்திப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் அதே பிள்ளைகள் காலையில், மிஷ்னாவும் அதன் மேல் எழுந்த விவாதங்களும் சேர்ந்த தால்முத்தைப் படிப்பதைப் பார்த்த பிறகு என் குறை பாதி தணிந்தது. ஐந்தாம் ஆறாம் வகுப்பில் தொடங்குகிறார்கள். பக்கத்தின் நடுவில் மூலம். தைப்பு ஓரமாக, பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரை. வெளி ஓரத்தில் அவருக்குப் பின் வந்தவர்கள் எழுப்பிய தடைகளும் விடைகளும். மூலம், உரை, உரைக்கு மறுப்பு என்று அடுக்கடுக்காகப் போகும் இந்த முறை, பரிமேலழகரையும் மற்ற உரைகாரர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறள் படித்தவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரோடொருவர் வாதிட்டுத்தான் படிப்பார்கள். அந்த இணைக்கு ‘ஹவ்ரூதா’ என்று பெயர். வகுப்பறை சந்தைக்கடை போலிருக்கும். சத்தம் இல்லையென்றால்தான் ரபி கவலைப்பட்டு எட்டிப் பார்ப்பார்.

அங்கே நான் கேட்ட ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பேர் ஒரு மேலாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ‘முழுதும் எனது’ என்கிறான் ஒருவன். ‘பாதி எனது’ என்கிறான் மற்றவன். எப்படிப் பிரிப்பது? மூன்றில் இரண்டு பங்கு, ஒரு பங்கு என்று விகிதப்படி பிரிக்கத்தான் நம் கை போகும். மிஷ்னா சொல்லும் விடை முக்காலும் காலும். பாதி எனது என்றவன் மற்றப் பாதியை ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டான், ஆகவே வழக்கு எஞ்சிய பாதியின் மேல்தான், அதை மட்டும் சரிபாதியாக்கு என்பது அதன் நியாயம். இதே நியாயத்தை வைத்துக்கொண்டுதான் ராபர்ட் ஆமானும் மைக்கேல் மாஷ்லரும், தால்முத்தில் நெடுங்காலமாகப் புதிராகக் கிடந்த கடன் பங்கீட்டுக் கணக்கு ஒன்றை 1985இல் ஆட்டக் கோட்பாட்டின் வழியே விடுவித்தார்கள். ஆமான் 2005இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். நியூயார்க்கில் பாதி நாள் தால்முத்தும் பாதி நாள் பொதுப் பாடமும் நடத்திய யூதப் பள்ளி ஒன்றில்தான் படித்தார். இதை எட்டாம் வகுப்பில் நான் நடத்திய நாளன்று, காலைப் பாடமும் மாலைப் பாடமும் ஒரே மேசையில் உட்கார்ந்ததைப் போல இருந்தது.

வாரத்துக்குள் சில நாள்களுக்குத் தனி நிறம் உண்டு. திங்களும் வியாழனும் காலைத் தொழுகையின்போது தோராச் சுருளை வெளியே எடுத்து, வரும் ஷப்பாத்துக்குரிய பகுதியின் தொடக்கத்தை வாசிப்பார்கள். மூன்று பேரை அழைத்துச் சுருளின் முன் நிறுத்துவார்கள். தோராவைக் கேட்காமல் மூன்று நாள் கழியக் கூடாது என்பது காரணம். பழங்காலத்தில் கிராமத்தார் சந்தைக்கும் நியாய மன்றத்துக்கும் ஊருக்குள் வந்த நாள்கள் அவை என்பதும் சேர்ந்துகொள்கிறது. பதின்மூன்று வயது நிறையும் பையன் பெரும்பாலும் இந்த இரு நாள்களில் ஒன்றில்தான் பள்ளியில் முதன்முதலாகச் சுருளின் முன் அழைக்கப்படுவான். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே, தெஃபிலின் எனப்படும் கறுப்புத் தோல் பெட்டிகள் இரண்டில் ஒன்றை இடது கையிலும் மற்றொன்றை நெற்றிக்கு மேலும் வாரால் கட்டப் பழகியிருப்பான். அன்று தந்தையும் தாத்தாவும் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். தொழுகை முடிந்ததும் வகுப்புக்கே பேகல் ரொட்டியும் பழரசமும். என் முதல் பாடவேளைக்குப் பாதி வகுப்பு எள்ளு ஒட்டிய வாயோடு வரும்.

கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். அந்தக் குழுவுக்கு ‘மினியன்’ என்று பெயர். பழமையான பிரிவுப் பள்ளிகளில் பதின்மூன்று வயது நிறைந்த ஆண்களை மட்டும் சேர்ப்பார்கள், சீர்திருத்தம் ஏற்ற பள்ளிகளில் பெண்களையும் சேர்ப்பார்கள். ஆனால் மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அவர்களிடம் வழக்கமில்லை. பத்துச் சொற்கள் கொண்ட சங்கீத வாக்கியம் ஒன்றை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். வாக்கியம் நிறைந்தால் ஆள் நிறைந்தது. நெல்லை அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று தொடங்கும் வீட்டில் பிறந்த எனக்கு இது உடனே பிடிபட்டது.

இந்த மினியன்தான் பள்ளி எவ்வளவு தூரம் ஊராக இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது. சக ஆசிரியர் ஒருவரின் தந்தை இறந்துபோனார். தாய் தந்தையை இழந்தவர் பதினொரு மாதம் ‘காதிஷ்’ என்ற தொழுகையைச் சொல்ல வேண்டும். அதை மினியன் இல்லாமல் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் பிற்பகல் தொழுகையின் நேரமும் பள்ளி விடும் நேரமும் முட்டிக்கொள்ளும். ஒரு நாள் ஒன்பது பேர்தான் இருந்தார்கள்; அங்கே நின்றிருந்த நான் கணக்கில் சேர மாட்டேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிப்போய், கிளம்பிக்கொண்டிருந்த பேருந்தின் கதவைத் தட்டி நிறுத்தி, நண்பன் ஒருவனை இறக்கிக் கூட்டிவந்தான். அந்த நண்பனின் தாயிடம், இன்று மகன் தாமதமாக வருவான் என்று அலுவலகம் தொலைபேசியில் சொன்னது. எதற்கென்று அவர் கேட்கவேயில்லையாம், மினியன் என்ற சொல்லே போதுமாயிருந்தது.

துக்கம் மட்டுமல்ல, எல்லாச் செய்தியும் பள்ளி வழியேதான் போகும். வியாழன் மாலையோ வெள்ளி காலையோ வீடுகளுக்கு ஒரு வாரமடல் வரும். அடுத்த வாரப் பயணம், கால்பந்து ஆட்டத்தின் முடிவு, காணாமற்போன கோட்டு ஆகியவற்றோடு யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தப் பழைய மாணவிக்கு நிச்சயதார்த்தம், யார் வீட்டில் துக்கம், அந்த வீட்டுக்கு எந்த நேரத்தில் போகலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அன்றைய சூரிய அஸ்தமனத்துக்குப் பதினெட்டு நிமிடம் முன்பாக விளக்கேற்ற வேண்டிய நேரம் மேலே தடித்த எழுத்தில் இருக்கும். நோயுற்றவர்களுக்காகப் பிரார்த்திக்க ஒரு பெயர்ப் பட்டியலும் வரும். தோராவின் முன் அழைக்கும்போது ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்று பெரும்பாலும் தந்தையின் பெயரைச் சொல்கிறவர்கள், நோய் தீர வேண்டும்போது மட்டும் தாயின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் விளக்கங்கள் பல சொல்வார்கள்; எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இறப்பு வீட்டில் ஏழு நாள் ‘ஷிவா’. வீட்டார் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள், கண்ணாடிகளைத் துணியிட்டு மூடியிருப்பார்கள். துக்கம் கேட்கப் போகிறவர் தானாகப் பேச்சைத் தொடங்கக் கூடாது. துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை காத்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தாயை இழந்தபோது, கிளம்புவதற்கு முன்பு வகுப்பு முழுவதையும் உட்கார வைத்து இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: போய் உட்காருங்கள், அவள் பேசாவிட்டால் நீங்களும் பேச வேண்டாம், உட்கார்ந்திருப்பதே போதும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்கு இரண்டு மாதம் இரவுச் சாப்பாடு எந்த நாள் யார் முறை என்று பெற்றோர் போட்ட பட்டியல் ஒரே மாலையில் நிரம்பிவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி. ‘கோஷர்’ எனப்படும் யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. பாத்திரமும் வேறு, அடுப்பும் வேறு. ஆகவே பள்ளி உணவகத்தில் இறைச்சி நாள், பால் நாள் என்று கிழமை பிரித்து வைத்திருப்பார்கள். பீட்சா புதன் என்றால் அன்று கோழி கிடையாது. இறைச்சி சாப்பிட்ட பின் பால் பொருளுக்கு ஆறு மணி நேரம் காத்திருக்கும் குடும்பங்கள் மிகுதி. ஜெர்மானிய வழியினர் சிலர் மூன்று மணி நேரம் என்பார்கள். ரொட்டி சாப்பிடுவதற்கு முன்பு, இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் ஒவ்வொரு கையிலும் நீர் ஊற்ற வேண்டும். ஊற்றியதிலிருந்து ரொட்டி வாய்க்குள் போகும்வரை பேசக் கூடாது. குழாயடியில் நிற்கும் மூன்றாம் வகுப்பு வரிசையைப் பார்க்க வேண்டும்: நாற்பது பிள்ளைகள், ஒரு சொல் கிடையாது, கண்ணாலும் புருவத்தாலும் ‘ம்ம்’ என்ற முனகலாலும் சண்டையே போட்டுவிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் தட்டித் தாளம் போட்டு நன்றிப் பாட்டைப் பாடித் தீர்ப்பார்கள்.

என் முதல் தீபாவளிக்கு வீட்டில் சுட்ட முறுக்கை ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனேன். அலுவலகத்து அம்மையார் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, மணம் பிடித்துப் பாராட்டிவிட்டு, உங்கள் வீட்டுச் சமையலறை எங்கள் மேற்பார்வையில் இல்லையே, பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது என்று மிகுந்த சங்கடத்தோடு சொன்னார். சுத்த சைவம் என்றேன். எண்ணெய்க்கும் சட்டிக்கும்கூட விதி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். யூதர்களே ஆனாலும் எந்த வீட்டிலிருந்தும் சமைத்த பண்டம் வகுப்புக்கு வரக் கூடாது என்பதே பள்ளியின் ஏற்பாடு என்று பின்னால் தெரிந்தபோது மனம் ஆறியது.

வெள்ளிக்கிழமை வேறொரு பள்ளி போலிருக்கும். மழலை வகுப்புகளில் சிறிய ஷப்பாத் விருந்து நடக்கும். வாரம் ஒரு சிறுமி ‘அம்மா’, ஒரு சிறுவன் ‘அப்பா’. அந்த அம்மா தலையில் மெல்லிய துணியைப் போட்டுக்கொண்டு எரியாத மெழுகுவர்த்தியின் முன் கையால் மூன்று முறை வட்டமிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அப்பா திராட்சைச்சாற்றைச் சிந்தாமல் தூக்கிப் பிடிக்கப் படாத பாடு படுவான். காலையிலேயே பின்னிச் சுட்ட ‘ஹல்லா’ ரொட்டியின் மணம் மூன்றாவது மாடி வரை வரும். தகர உண்டியல் வரிசையாகச் சுற்றி வரும், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சில்லறையைப் போடும். மேல் வகுப்புகளில் வாரத் தோராப் பகுதியைப் பற்றிய கேள்வித்தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள்; அது மதிப்பெண்ணுக்கு அன்று, இரவு விருந்து மேசையில் தந்தையோ பாட்டியோ கேட்க, பிள்ளை பதில் சொல்வதற்கு. தோரா ஐம்பத்து நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது; ஓராண்டில் முழுதும் வாசித்து முடித்து அதே நாளில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். ஆகவே, எந்த வாரம் எந்தக் கதை என்பது நியூ ஜெர்சிப் பிள்ளைக்கும் பாரிஸில் இருக்கும் அதன் சித்தி மகனுக்கும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்.

பள்ளி விடும்போது, நடைக்கூடத்தில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மரப்பெட்டியையும் கவனிக்கலாம். இறைவனின் பெயர் அச்சான தாளைக் குப்பையில் போடுவதில்லை. கிழிந்த தொழுகைப் புத்தகமும் பழைய கேள்வித்தாளும் அந்தப் பெட்டிக்குப் போய், நிரம்பியதும் மண்ணில் புதைக்கப்படும். டிசம்பர் தொடக்கத்தில் இங்கே சூரியன் நாலரைக்கு முன்பே மறைந்துவிடும், அப்படியானால் விளக்கேற்றும் நேரம் நாலே காலுக்கும் முன்னதாகவே வந்துவிடும். பேருந்து நெரிசலில் சிக்கினால் என்ன ஆவது என்ற கணக்கில்தான் பள்ளி ஒன்றரைக்கே விடுகிறது. உங்கள் சந்தேகத்தின் அந்தப் பகுதிக்கு விடை இவ்வளவுதான்.

ஆண்டுச் சுற்றை விரித்தால் முடியாது. ஒன்றிரண்டை மட்டும் தொட்டுச் செல்கிறேன். செப்டம்பர், அக்டோபரில் பண்டிகைகள் நெருக்கிக்கொண்டு வருவதால் பள்ளி நடக்கும் நாள்கள் சொற்பம். பூரிம் பண்டிகையன்று தலைமையாசிரியரே கோமாளி வேடத்தில் வருவார். பஸ்கா பண்டிகைக்கு முன்பு ஒவ்வொரு பிள்ளையும் தன் அலமாரியிலிருந்து பிஸ்கட் துணுக்கு வரை துடைத்தெடுக்க வேண்டும்; புளித்த மாவு ஒரு துகளும் இருக்கக் கூடாது. அந்த எட்டு நாளும், மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழியினரான அஷ்கெனாசிக் குடும்பங்கள் அரிசியையும் பருப்பையும்கூடத் தொடாது, சிரியா போன்ற நாடுகளிலிருந்து வந்த செஃபார்திக் குடும்பங்களில் பல அரிசி உண்ணும். ஒரே வகுப்பில் இரு சாராரும் இருப்பார்கள், அந்த வாரத்தில் பொறாமை எந்தப் பக்கம் பாயும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லா யூதப் பள்ளியும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது, பழைய சமய விதிகளை விடாமல் தற்காலக் கல்வியையும் ஏற்கும் ‘மாடர்ன் ஆர்த்தடாக்ஸ்’ பிரிவின் பள்ளி. ‘கன்சர்வேட்டிவ்’ என்ற இன்னொரு பிரிவுக்கு, அறிஞர் சாலமன் ஷெக்டர் பெயர் தாங்கிய பள்ளிகள் இருக்கின்றன. எல்லாப் பிரிவினரும் சேர்ந்து படிக்கும் சமூகப் பள்ளிகளும் இருக்கின்றன. நியூயார்க்கின் புரூக்ளினில், கடும் பழமைப் பிரிவினரான ஹசிதியர்கள் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் நடத்தும் பாடசாலைகள் முற்றிலும் வேறு உலகம். பொதுக் கல்வி போதவில்லை என்ற வழக்கும் வாதமும் அவற்றைப் பற்றியவையே. லண்டனில் 1732இல் தொடங்கிய ஜே.எஃப்.எஸ். போன்ற பள்ளிகள் அரசுப் பணத்தில் நடக்கின்றன. நம் நாட்டில் கொல்கத்தாவின் யூதப் பெண்கள் பள்ளியும் (1881) மும்பையில் பெனே இஸ்ரவேலர் என்ற மராத்தி பேசும் யூதர்களுக்காக 1875இல் தோன்றி இன்று சர் எலி கதூரி பெயரில் இருக்கும் பள்ளியும் யூதர்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்டதால் இன்று பெரும்பான்மையாக முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளாக மாறிவிட்டன. ஊர் போனால் இத்தகைய பள்ளியில் என்ன மிஞ்சும் என்பதற்கு அவை சாட்சி: கட்டடமும் பெயரும் நல்ல படிப்பும் இருக்கின்றன, நான் மேலே விவரித்த வாரம் அங்கே இல்லை.

அமெரிக்காவிலும் இந்தப் பள்ளிகள் மிகப் பழையவை அல்ல. குடிபெயர்ந்து வந்த முதல் தலைமுறை தங்கள் பிள்ளைகளைப் பெரும்பாலும் அரசுப் பள்ளிக்கே அனுப்பியது. மாலையிலும் ஞாயிறு காலையிலும் எபிரேய வகுப்பு, அவ்வளவுதான். நியூயார்க்கில் ரமாஸ் பள்ளியும் பாஸ்டனில் மைமானிடிஸ் பள்ளியும் தொடங்கியது 1937இல். ஐரோப்பாவில் யூதக் கல்விக்கூடங்கள் அழிக்கப்பட்ட பின்பு, அந்தக் கல்வியை இங்கேதான் முழுநேரமாக நடத்த வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1944இல் தோரா உமெசோரா என்ற அமைப்பு ஊர் ஊராகப் பள்ளி தொடங்க முனைந்தது. 2013-14 கல்வியாண்டில் எடுத்த கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இத்தகைய பள்ளிகள் 861. மாணவர்கள் சுமார் 2,55,000.

இதற்குப் பெற்றோர் கொடுக்கும் விலை பெரிது. பேருந்துச் செலவு போன்ற சிறு உதவிகளுக்கு அப்பால் நியூ ஜெர்சி அரசு இப்பள்ளிகளை நடத்தப் பணம் தருவதில்லை. அந்தப் பேருந்து உதவியே செல்லுமா என்பது இதே மாநிலத்து வழக்கு ஒன்றில் 1947இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலரைத் தாண்டும், உயர்நிலை வகுப்பில் 30,000ஐத் தாண்டுவதும் உண்டு. நான்கு பிள்ளைகள் உள்ள வீடு அங்கே சாதாரணம். கட்டணச் சலுகைக்கு மனுச் செய்யும் தந்தை தன் வருமான வரித் தாள்களை ஒரு குழுவின் முன் வைக்க வேண்டும்; அந்தக் குழுவில் இருப்பவர் சனிக்கிழமை தொழுகைக்கூடத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரராக இருக்கக் கூடும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரின் மறுபக்கம் இது. ஆண்டு விருந்தில் நன்கொடையாளரை மேடையேற்றி மாலை மரியாதை செய்யும் இரவன்று, சலுகை பெறும் பெற்றோர் சிலர் வராமலே இருந்துவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். அச்சமூகத்தின் ஆறாத புண் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய செய்தி ஒன்று. எபிரேய வகுப்புச் சுவரில் கிளியின் படத்துக்குக் கீழே ‘துக்கி’ என்று எழுதியிருக்கும். இராஜாக்களின் முதல் நூலில், சாலமோனின் கப்பல்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன்னோடும் தந்தத்தோடும் கொண்டுவந்தவற்றில் ‘துக்கி’யும் ஒன்று, அங்கே அதற்கு மயில் என்று பொருள் கொள்வார்கள். அது தமிழின் ‘தோகை’யே என்று கால்டுவெல் எழுதினார், அறிஞர் பலரும் ஏற்கிறார்கள். இன்றைய எபிரேயத்தில் அந்தச் சொல் எப்படியோ கிளிக்குப் போய்விட்டது. இதைச் சொன்ன அன்று முழுவதும் ஆறாம் வகுப்பில் எனக்குப் பெயர் ‘மிஸ்டர் துக்கி’.

இனி அழைப்பு. சித்தூர் என்பது தொழுகைப் புத்தகம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்ததும் முதல் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் முதல் சித்தூரை மேடையில் கொடுப்பார்கள். அட்டைக்குப் பெற்றோர் பல இரவு உட்கார்ந்து பிள்ளைக்குத் தெரியாமல் துணியால் உறை தைத்து வைத்திருப்பார்கள். பிள்ளைகள் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு பாடுவார்கள், பாட்டிமார் அழுவார்கள், மொத்தம் ஒரு மணி நேரம்தான். கொஞ்சம் முன்னதாகவே போங்கள். 2012இல் பிரான்சின் துலூஸ் நகரத்து யூதப் பள்ளி வாசலில் மூன்று குழந்தைகள் உட்பட நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டதும், 2018இல் பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் பதினொருவர் கொல்லப்பட்டதும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர் அடையாள அட்டை கேட்பார், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் செய்த பலகாரம் வேண்டாம். பூ கொண்டுபோகலாம், வெட்டாத முழுப் பழம் கொண்டுபோகலாம், அல்லது கோஷர் முத்திரையாக வட்டத்துக்குள் ‘யூ’ எழுத்து அச்சிட்ட, பிரிக்காத இனிப்புப் பெட்டி ஒன்று போதும். எதிர்பாலினத்தவருக்கு நீங்களாகக் கை நீட்ட வேண்டாம். அவர்கள் நீட்டினால் கொடுங்கள், இல்லையென்றால் நம் வணக்கமே அங்கே அழகாகப் பொருந்தும். விழா முடிந்ததும் அந்தச் சிறுமி தன் சித்தூரை உங்களிடம் காட்ட ஓடி வருவாள். பார்த்துவிட்டு நாற்காலியிலோ தரையிலோ வைத்துவிடாமல் அவள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். தவறி விழுந்தால் எடுத்து முத்தமிடுவாள். புத்தகத்தில் கால் பட்டால் நாம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போலத்தான்.